வெள்ளெலியும் திருக்கையும்: ஓர் ஒப்புநோக்கு

1. தோற்றுவாய்

ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிட்டு அறிதல் மக்கட்கு இயல்பாய் அமைந்ததோர் அறிவுநெறி. அந்நெறிக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் உவமவியல் என ஓர் இயலையே தனித்து அமைத்தார். எனினும் அவ்வியலை வகுப்பிற் பயிற்றுங்கால் நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வன பெரும்பாலும் முகமும் மதியும், கண்ணும் குவளையும், நடையும் அன்னமும் போன்ற பழகிய இணைகளே. பழகிய இணையில் ஒப்புமை முயற்சியின்றிப் புலப்படும். ஆதலின் இலக்கணம் எந்த அளவிற்குத் தாங்கும் என்பதை ஆண்டு நாம் அறிவதில்லை.

அண்மையில், நசரத்பேட்டையினின்று பயில வரும் முதுகலை மாணவர் ஒருவர் வகுப்பில் ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய ஊர்ச் சாலையோரத்தில் மீன் விற்கும் அம்மையார் ஒருவர் திருக்கையை அறுத்துக் கூறு கட்டி விற்றுக் கொண்டிருந்தாராம். சாலைக்கு அப்பால், மனைக்கல் நட்ட தரிசு வயலில், இருளர் இருவர் வெள்ளெலி வளையைத் தோண்டிக் கொண்டிருந்தனராம். இரண்டையும் ஒருங்கு கண்டு நின்ற அவருக்கு, ‘இவ்விரண்டையும் ஒப்பிட இயலுமா? இயலுமாயின் எதன் அடிப்படையில்?’ என்னும் ஐயம் எழுந்தது. வகுப்பில் நகைப்பொலி எழுந்தது. யாம் நகைக்கவில்லை, உடனே விடை கூறவும் எம்மால் இயலவில்லை. விடை கூற இயலாமைக்குக் காரணம் உவமவியலை அறியாமை அன்று. எலியையும் திருக்கையையும் அறியாமையே. அக்குறையை நிரப்பிக் கொள்ளும் முயற்சியாகவே இக்கட்டுரை அமைகின்றது.

2. நிலமும் நீரும்

நசரத்பேட்டை, பூந்தமல்லிக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். அதன் அண்மையில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கின்றது. ஏரிநீர் பாய்ந்த நன்செயும், நீர் ஏறாத மேட்டுப் புன்செயும் அடுத்தடுத்து அமைந்த பகுதி அது. பழைய திணைப் பாகுபாட்டில் வைத்துக் கூறின், மருதமும் முல்லையும் தம்முள் மயங்கிய நிலம் எனலாம். திருக்கை வாழும் நெய்தல் நிலத்திற்கும் அவ்வூருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. ஆயினும், ஏரி நிரம்பி வழியும் மிகைநீர் அடையாற்றின் வழியே சென்று வங்கக் கடலிற் கலக்கின்றது. ஆகவே எலியின் நிலத்து நீரே திருக்கையின் கடலுக்குச் செல்கின்றது என்பது வெறும் புனைவுரை அன்று.

ஈண்டு ஒப்பிடப் புகும் இரண்டனையும் வரையறுத்துக் கொள்வோம். எலி என்பது பொதுப்பெயர். நாம் கொள்வது வெள்ளெலி. விலங்குநூலார் இதனைத் தாட்டெரா இண்டிகா என்பர். 1807-இல் தாமசு ஆர்டுவிக் என்பார் இதற்கு முதன்முதல் அறிவியற் பெயரிட்டார். திருக்கை என்பதும் ஒரு பெருங்குழுவின் பொதுப்பெயரே. நாம் கொள்வது அக்குழுவைச் சார்ந்த சிறு திருக்கை ஒன்று. 1801-இல் பிளாக்கு, சினைடர் என்னும் இருவர் நூலில் ‘இம்பிரிகேட்டா’ என்னும் பெயரால் இது விளக்கப்பெற்றது. முதுகின்மேல் உள்ள செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் தோன்றுதலின் இப்பெயர் பெற்றது. 2016-இல் இது பிரெவிட்ரைகான் என்னும் புதிய பேரினத்துள் அடக்கப்பெற்றது. ஆறாண்டு இடைவெளியில் உலக அறிவியலேட்டில் ஏறிய இவ்விரண்டும் உருவளவாலும் ஏறத்தாழ ஒத்தன. வெள்ளெலியின் உடல் 15 முதல் 20 செ.மீ. வரை நீளும். இச்சிறு திருக்கையின் தட்டுப் போன்ற உடல் ஏறத்தாழ 25 செ.மீ. அகலமே வளரும்.

3. பெயரும் உரையும்

சங்கச் செய்யுளில் எலி பலவிடத்து வருகின்றது. அவற்றுள் மூன்று இடங்கள் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன.

முதலாவது அகநானூற்று 133-ஆம் பாடல். உறையூர் மருத்துவன் தாமோதரனார் பாடிய அப்பாலைப் பாட்டு வெள்ளெலியைப் பெயர் சுட்டியே தொடங்குகின்றது. அதன் கண்ணுக்குக் குன்றிமணி உவமையாகின்றது. மயிரின் நிறமும் காலின் மென்மையும் கூறப்படுகின்றன. அது செம்பரல் நிறைந்த மேட்டுநிலத்தைக் கிளைத்துப் பூழியாக்குதல் காட்டப்படுகின்றது. ஆணெலியைப் புலவர் ‘ஏற்றை’ என்கின்றார். ஆற்றலுடைய ஆண்பாற்கெல்லாம் ஏற்றை என்னும் சொல் உரியது எனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்த விதியோடு இது பொருந்துகின்றது.

இரண்டாவது, சோழன் நல்லுருத்திரன் பாடிய புறநானூற்று 190-ஆம் பாடல். விளைந்த கதிரைக் கவர்ந்து சென்று வளையுள் நிறைக்கும் எலியைப் போன்றவர், ஈயாது பொருளைத் திரட்டுவோர் என்பது அப்பாட்டின் கருத்து. மூன்றாவது, அந்நூலின் 324-ஆம் பாடல். அதில் வேட்டுவச் சிறார், முள்ளை அம்பாகச் செறித்த சிறு வில்லோடு, பருத்தி வேலியிடத்தே கருப்பையின் வரவை நோக்கியிருக்கின்றனர். கருப்பை என்பது எலியின் பழம்பெயர்.

இம்மூன்று இடத்தும் வருவது ஒரே எலி என மாணவர் எளிதிற் கொள்வர். அது பொருந்தாது. கதிரைத் திரட்டி வளையில் மிகுதியாகச் சேர்க்கும் இயல்பு, வரப்பில் வளை தோண்டி வாழும் பருத்த வயலெலிக்கே சிறந்தது. வெள்ளெலியோ வறண்ட மேட்டு நிலத்தையும் புதரையும் விரும்புவது. தானியத்தோடு வேரும் பூச்சியும் உண்பது. நல்லுருத்திரன் கண்டது மருதத்து எலி. தாமோதரனார் கண்டது முரம்பு நிலத்து எலி. புலவர் இருவரும் தத்தம் எலியை வேறுபடக் கண்டு பாடினர். உரையெழுதிய நாம் இரண்டையும் ஒன்றாக்கி விட்டோம்.

திருக்கையின் நிலை வேறு. சங்கச் செய்யுளில் நெய்தல் நிலத்து மீனாகப் பெருவழக்குப் பெற்றது சுறவே. கடல்வாழ் சுறவும் ஏறு எனப்படும் எனத் தொல்காப்பியரே தனி நூற்பாவால் அதற்குச் சிறப்புத் தந்தார். திருக்கை, சுறவுக்கு நெருங்கிய உறவாயினும், அத்தகு பெருவழக்குப் பெறவில்லை. இலக்கியத்தில் அது பெறாத இடத்தைப் பரதவர் பேச்சில் பெற்றுள்ளது. வௌவால் திருக்கை, கொம்புத் திருக்கை, புள்ளித் திருக்கை என வடிவும் நிறமும் கண்டு அவர்கள் பகுத்துப் பெயரிட்டனர். திருக்கையைப் பிடித்தற்கென்றே உள்ள வலையைத் திருக்கை வலை என்றனர். உடலில் மின்னாற்றலைத் தேக்கித் தொட்டாரை அதிர்விக்கும் ஓரினத்தைத் திமிலை என்றனர். 1801-ஆம் ஆண்டின் அந்நூலே அவ்வினத்திற்குத் ‘திம்லி’ எனப் பெயர் தந்தது. பரதவர் நாவில் வழங்கிய தமிழ்ச்சொல்லே இலத்தீன் உருக்கொண்டு இன்றும் உலக வழக்கில் நிற்கின்றது. எலிக்கும் இதனையொத்த ஒரு வரலாறு உண்டு. பெருச்சாளியைக் குறிக்கும் ‘பந்திகொக்கு’ என்னும் தெலுங்குச் சொல்லே ஆங்கிலத்தில் ‘பேண்டிகூட்’ என ஆயிற்று. வேற்று நாட்டு அறிஞர் நம் மீனவரையும் உழவரையும் கேட்டுப் பெயரறிந்தனர். நாமோ ‘ஒருவகை மீன்’, ‘ஒருவகை எலி’ என்று உரையெழுதி அமைந்தோம்.

4. மெய்யும் உருவும்

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடிப்படையில் உவமை தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். இந்நான்கையும் நம் இணையின்மேல் ஏற்றிக் காண்போம்.

மெய்யால் இரண்டும் முரணுவன. வெள்ளெலி திரண்ட உடலும், நீண்ட பின்னங்காலும், பெரிய செவியும் கண்ணும் உடையது. திருக்கையோ தட்டையானது; எலும்பே இல்லாதது. அதன் உடற்சட்டம் முழுவதும் குருத்தெலும்பு. கண் மேற்புறத்தும், வாயும் ஐந்திணைச் செவுட்பிளவும் கீழ்ப்புறத்தும் அமைந்துள்ளன. மணலிற் படிந்து கிடக்குங்கால் வாயால் நீரை உட்கொள்ளின் மணலும் உடன் புகும். ஆதலின் கண்ணின் பின்னுள்ள துளைகளின் வழியே அது நீரை உட்கொண்டு உயிர்க்கின்றது.

முரணிய இம்மெய்களில் ஒத்த உறுப்பு ஒன்று உண்டு. அது வால். வெள்ளெலியின் வால் உடலினும் சற்று நீண்டு, நுனியில் மயிர்க்குஞ்சம் உடையதாய் இருக்கும். தாவுங்கால் உடலை நிலைப்படுத்த உதவும். திருக்கையின் வாலில் அரம் போன்ற பல்லமைந்த நச்சுமுள் உண்டு. அம்முள் எலும்பு அன்று. செதிலே நாளடைவில் திரிந்து முள்ளாயிற்று. பெருந்திருக்கையின் வாலை உலர்த்திச் சவுக்காக வைத்திருந்த வழக்கத்தை நம் முதியோர் நன்கறிவர்.

உருவில் இரண்டும் வியக்கத்தக்கவாறு ஒக்கின்றன. வெள்ளெலியின் மேற்புறம் மணலின் பழுப்பு. அடிப்புறம் தூய வெண்மை. திருக்கைக்கும் மேற்புறம் மணலின் பழுப்பு, அடிப்புறம் வெண்மை. ‘வெள்’ என்னும் அடை எலிக்கு வந்தது உடல் முழுதும் வெளுத்திருத்தலால் அன்று. அடிவயிற்றின் வெண்மையால் என்க. வெள்ளெலி என்ற அளவிலே ஆய்வுக்கூடத்து வெண்ணிற எலியை எண்ணிக் கொள்ளும் மாணவர், அகநானூற்றுப் புலவர் மயிரின் நிறத்தை எடுத்துக் கூறுதற்குக் காரணம் அறியாது மயங்குவர். நிலத்திலும் கடலடியிலும் மேலிருந்து நோக்கும் பகைக்கு மண்ணிறமே தோன்றும். ஒளி மேலிருந்து படுதலால் நிழல் வீழும் அடிப்புறத்தின் வெண்மை அந்நிழலை ஈடுசெய்து உடலின் திரட்சியை மறைக்கும். இவ்வாறு நிலமும் நீரும் வேறுபடினும், ஒளிந்து வாழும் தேவை ஒன்றாதலின் உரு ஒத்தது எனலாம்.

ஈண்டு, குன்றிமணி உவமையையும் ஒருவாறு தெளியலாம். குன்றியின் செம்மையை மட்டும் கொண்டால் உவமை உருவின்பாற் படும். வெள்ளெலியின் கண்ணோ பெரிதாய், உருண்டு, புறத்தே புடைத்து, பளபளத்துத் தோன்றுவது. அத்திரட்சியையும் ஒளியையும் நோக்கின் உவமை மெய்யின்பாலும் செல்கின்றது. எலியை நேரிற் கண்டாலன்றி இப்பகுப்பு நமக்குத் தோன்றாது.

5. வினை

வினையால் இரண்டும் அகழ்வன, ஒளிவன. வெள்ளெலி பல வாயில்களையுடைய வளையைத் தோண்டிப் பகலெல்லாம் உள்ளிருந்து இரவில் வெளிப்படும். ஒரு வாயிலில் பகை புகின் மற்றொன்றால் வெளியேறும். திருக்கை தன் அகன்ற துடுப்பை அசைத்து மணலைக் கிளப்பித் தன்மேல் போர்த்துக் கொள்ளும். கண்ணும் உயிர்ப்புத் துளையும் மட்டுமே வெளியே தோன்றும். இரை தேடுங்காலும் அது மணலைக் கிளைத்தே நண்டையும் இறாலையும் புழுவையும் கொள்கின்றது. முரம்பைக் கிளைத்துப் பூழியாக்கும் எலியும், கடலடி மணலைக் கிளைத்துக் கலக்கும் திருக்கையும் இவ்வினையால் நேர் ஒப்பாவன.

பல்லின் தொழிலிலும் ஒப்பு உண்டு. எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்து கொண்டேயிருக்கும்; கொறித்துக் கொறித்துத் தேய்ப்பதால் அளவில் நிற்கும். திருக்கையின் பல்லோ வரிசை வரிசையாய் அமைந்து, முன்வரிசை தேய்ந்து வீழப் பின்வரிசை முன்வந்து நிரப்பும். தேய்வை ஈடுசெய்தல் இரண்டற்கும் பொது. ஈடுசெய்யும் முறையே வேறு.

இரையையும் பகையையும் அறியும் புலன் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வெள்ளெலியின் வலிமை அதன் செவி. ஆந்தையின் சிறகொலியும் பாம்பின் ஊர்வும் அதற்கு முன்னரே புலப்படல் வேண்டும். திருக்கையின் வலிமை நாம் உடையதன்று. அதன் தலையின் அடிப்புறத்தே சிறு துளைகள் பல உண்டு. 1678-இல் இலாரென்சினி என்னும் இத்தாலிய அறிஞர் அவ்வகைத் துளைகளை விளக்கி எழுதினார். மணலுள் மறைந்த உயிரின் உடல் எழுப்பும் நுண்ணிய மின்புலத்தை இவ்வுறுப்பால் சுறவும் திருக்கைக் கிளையின் மீனும் உணர்ந்து இரை கொள்ளும் என்பதனை 1971-இல் கால்மைன் என்பார் சோதனையால் நிறுவினார். மெய், வாய், மூக்கு, கண், செவி என ஐம்புலன் வழி உயிர்களை வரிசைப்படுத்தியது மரபியல். இம்மின்னுணர்வோ அவ்வைந்தனுள் ஒன்றனுள்ளும் அடங்காது. மனம் என்னும் ஆறாவதும் அன்று. இதனால் தொல்காப்பியர் பாகுபாடு பிழைபட்டது என்பது எம் கருத்தன்று. மக்கள் தம் புலனால் அறியத்தக்கதை அவர் பகுத்தார். அப்பகுப்புக்கு அப்பாலும் உயிர் அறிவது உண்டு என்பதே நாம் கொள்ளத்தக்கது.

6. பயன்

பயன் என்பதை மக்கட்கு விளையும் நன்மை தீமை எனக் கொண்டு காண்போம். உழவர்க்கு எலி பகை. ஆயின் இருளர்க்கு அது உணவு. அவர்கள் வளையின் வாயில்களை மண்ணால் அடைத்து, அடியில் துளையிட்ட மட்பானையில் வைக்கோலை இட்டு எரித்து, ஒரு வாயில் வழியே புகையை ஊதிச் செலுத்துவர். பின் மண்ணை அகழ்ந்து எலியையும், வளையுள் உள்ள தானியத்தையும் கொள்வர். வளைவாயின் மண்ணைக் கண்ட அளவிலேயே உள்ளிருப்பது எலியா பாம்பா என்று கூறும் அவர்தம் அறிவு பலரும் வியந்தது. 1978-இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் நடைபெறும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவ்வறிவின்மேல் எழுந்ததே. மற்றொரு பக்கம், வெள்ளெலி கொள்ளைநோய்க் கிருமியைத் தன்பால் தாங்கவல்ல காட்டெலிகளுள் ஒன்று என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

திருக்கை மீனவர்க்கும் ஏழையர்க்கும் உணவு. பச்சையாகவும் கருவாடாகவும் அது உள்நாட்டுச் சந்தைகளுக்கு வருகின்றது. பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறவைப் போலவே திருக்கையையும் சமைத்துக் கொடுத்தல் கடற்கரை வழக்கு. ஆழமற்ற நீரில் நடப்பார் அறியாது மிதிப்பின் நச்சுமுள் தைத்துக் கடுநோவு செய்யும். எனவே பயனால் இரண்டும் ஒருங்கே நன்றும் தீதும் ஆவன. வறியோர் உணவாதலால் உயர்ந்தோர் இகழ்ச்சிக்கு உள்ளாவன.

7. குட்டி என்னும் சொல்

இவ்வாய்வில் யாம் எதிர்பாராது கண்டது ஒன்று. மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கன் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை மரபியல் உரிமை செய்கின்றது. பறழ் எனினும் அமையும் என்கின்றது. மீனின் இளமையைப் பொதுவாகக் குஞ்சு என்பது உலக வழக்கு. ஆயின் கடற்கரையில் திருக்கையைக் குட்டி போடும் மீன் என்பர். ‘திருக்கைக் குட்டி’ என்றே வழங்குவர்.

அவ்வழக்கு பொருளறிந்த வழக்கு. திருக்கை நீரில் முட்டையிடுவதன்று. கருவை வயிற்றினுள்ளேயே வளர்த்து ஈனுவது. முதலில் கருமுட்டையின் மஞ்சட்கருவால் வளரும் கரு, அது தீர்ந்தபின் தாயின் கருப்பைச் சுவர் சுரக்கும் பால் போன்ற கொழுவிய நீரை உண்டு வளர்கின்றது. எலி ஈன்றபின் பாலூட்டுகின்றது. திருக்கை ஈனுமுன்னரே, பால் போன்றதொன்றை ஊட்டுகின்றது. ஒன்று பாலூட்டி, மற்றொன்று மீன். இனத்தால் நெடுந்தொலைவு பிரிந்தவை. எனினும் குட்டி என்னும் ஒரு சொல் இரண்டையும் அணைத்துக் கொள்கின்றது. அச்சொல்லைத் திருக்கைக்கு வழங்கியவர் நுண்ணோக்கி கண்டவர் அல்லர். அறுத்த மீனின் வயிற்றைக் கண்டவர்.

8. வேற்றுமை

இனி, இவ்விணை உவமையாகுமா என்பதனை ஆராய்வோம். உவமை உயர்ந்ததன்மேல் நிற்றல் வேண்டும் என்பது இலக்கணம். எலி, திருக்கை இரண்டனுள் எதனை உயர்ந்தது என்பது? நல்லுருத்திரன் தன் பாட்டில் எலியைக் கீழ்மைக்கும் புலியை மேன்மைக்கும் வைத்தான். அத்தகைய ஏற்றத்தாழ்வு நம் இணையில் இல்லை. ஆதலின் இதனை உவமை என்னாது, இரு பொருளின் ஒப்புமையைக் கூறிப் பின் அவற்றை வேற்றுமைப்படுத்திக் காட்டும் வேற்றுமையணியின் நெறி எனக் கொள்ளுதலே பொருந்தும்.

அவ்வேற்றுமையாவது யாது? பெருக்கமே. வெள்ளெலியின் சூற்காலம் ஏறத்தாழ நான்கு கிழமை. ஓரீற்றில் பல குட்டி. ஓராண்டில் பல ஈற்று. திருக்கை சில திங்கள் சுமந்து சில குட்டியே ஈனும். பருவமெய்தவும் காலம் கொள்ளும். ஆதலின் எத்துணை பிடிப்பினும் எலி மீண்டும் பெருகும். அளவிறந்து பிடிப்பின் திருக்கை மீளாது. சுறவும் திருக்கையும் உள்ளிட்ட குருத்தெலும்பு மீன்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அழிவை நோக்கியுள்ளன என்றும், அளவிறந்த மீன்பிடிப்பே அதன் தலையாய காரணம் என்றும் 2021-இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கூறுகின்றது.

சட்டமும் இவ்வேற்றுமையைக் காட்டியது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காக்கை, பழந்தின்னி வௌவால் இவற்றோடு ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிராக வைக்கப்பெற்றது. அச்சட்டத்தின் முதல் அட்டவணையிலோ, 2001-இல், சுறா சிலவற்றோடு கங்கைத் திருக்கை, முள்நிறைந்த திருக்கை முதலியன காக்கத்தக்கனவாகச் சேர்க்கப்பெற்றன. 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தீங்குயிர்க்கெனத் தனித்திருந்த அட்டவணையை நீக்கியது. நாம் ஈண்டுக் கொண்ட சிறு திருக்கை 2001-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம் பெற்றதன்று. பெயர் சுட்டப்பட்ட இனத்திற்கே அப்பட்டியலின் காவல் உரியது. ‘ஒருவகைத் திருக்கை’ என்று எழுதிச் சட்டம் செய்ய இயலாது. பெயரைப் பகுத்தறிதல் உரையாசிரியர்க்கு மட்டுமன்றி உயிர்க்காவலுக்கும் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

9. முடிவுரை

மாணவரின் வினாவுக்கு விடை இது. எலியும் திருக்கையும் ஒப்பிடத்தக்கன. உருவாலும் வினையாலும் நெருங்கி ஒப்பன. பயனால் ஒருவாறு ஒப்பன. மெய்யால், வால் ஒழிய, ஒவ்வாதன. உயர்வு தாழ்வு இன்மையின் ஒன்று மற்றொன்றற்கு உவமையாகாது. ஆயினும் தொல்காப்பியரின் நான்கு அடிப்படையும் அவர் காட்டாத இணையிலும் தளர்வின்றித் தாங்கி நிற்கின்றன.

இவ்விடையைப் பெறுதற்கு நூலகம் மட்டும் போதவில்லை. மாணவரோடு யாமும் ஒருநாள் நசரத்பேட்டைக்குச் சென்றோம். மீன் விற்கும் அம்மையார் திருக்கையைப் புரட்டி அதன் வாயையும் செவுட்பிளவையும் எமக்குக் காட்டினார். இருளர் முதியவர் வளைவாயின் பூழியைக் கையில் அள்ளி, இது வெள்ளெலி, அது வயலெலி எனப் பிரித்துக் கூறினார். அகநானூற்றுப் பாட்டின் ‘பூழி’ என்னும் சொல்லுக்கு அவர் கைம்மண்ணினும் சிறந்த உரையை யாம் கண்டதில்லை. அவ்வயலில் மனைக்கற்கள் வரிசையாய் நிற்கின்றன. அடுத்த முறை அப்பாட்டைப் பயிற்றும்போது அவ்வளை ஆண்டு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

எனவே முதுகலை மாணவரும் ஆய்வாளரும் ஒன்று செய்தல் வேண்டும். ‘ஒருவகை மீன்’, ‘ஒருவகை எலி’, ‘ஒருவகை மரம்’ என உரையில் வருமிடந்தோறும் அடிக்கோடிட்டு, அவ்வப் பொருளை இன்றும் அறிந்தாரைத் தேடிச் சென்று பெயரையும் இயல்பையும் எழுதிக் கொள்ளுதல் வேண்டும். அறிந்தார் உள்ள காலத்தே அதனைச் செய்தல் நம் கடன்.